ஒரு நிமிட அமைதி

நஸ்ரியா டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பல்லடத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறும்படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். படம் எடுத்த இடத்தின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து கொண்டுவர வேண்டும் என்பது அவள் கட்டளை. வசனங்களுக்கு நடுவே அதைப் போட்டு ஒட்டினால்தான் வெட்டியது தெரியாது.

ஷ்ரவ்யா தன் வீட்டையே எடுத்திருந்தாள். அம்மா சிரித்தபடி தோசை சுடுகிறாள். வீட்டை ஒட்டி அப்பாவின் தறிக் கொட்டகை. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கொண்டுவந்த அமைதியோ, லேப்டாப் திரையின் ஒலிக்கோட்டில் அங்கங்கே முள்ளாகக் குத்திட்டு நின்றது. கேட்டுக்கூடப் பார்க்காமல் இரண்டு முறை திருப்பி அனுப்பினாள் நஸ்ரியா.

“தறி ஓடறப்ப எடுத்தியா? அறிவு வேண்டாமா?”

“இல்லீங்க மிஸ். கரண்ட் போனப்பத்தான் எடுத்தேனுங்க.”

மூன்றாம் முறையும் அதே முட்கள். எரிச்சலோடு ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

தறி ஓடவில்லைதான். சுவருக்கு அந்தப் பக்கம் பளாரென்று ஓர் அடி விழுந்தது. இன்னொன்று. பிறகு, தோசை சுட்ட அதே அம்மாவின் அடக்கிய குரல்: “தறி நின்னுபோச்சுங்க... புள்ளைக்குக் கேக்குமுங்க.”

நஸ்ரியா ஹெட்போனைக் கழற்றினாள். மறுபடியும் திட்டு விழப்போகிறதென்று ஷ்ரவ்யா முந்திக்கொண்டாள்.

“மூணு நாளாக் காத்திருந்து எடுத்தேனுங்க மிஸ். எங்க ஊட்ல இதுக்கு மேல அமைதி கெடைக்காதுங்க.”