ரயிலில் வந்த மத்தி

கடலுக்குப் போன புருஷன் கூடை நிறைய மீனோடு திரும்பினால் எவளாவது பதறுவாளா? லூர்து மேரி பதறினாள். திண்டிவனம் மார்க்கெட்டில் பதினெட்டு வருஷமாக மீன் விற்கிறவள் அவள். மரக்காணத்திலிருந்து சின்னப்பராஜ் கொண்டுவந்த கூடையைத் திறந்ததுமே கை நின்றுவிட்டது. அத்தனையும் மத்தி. அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கடலில் மத்தி ஏது? அது மேற்குக் கரை மீன். போதாததற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க வயிறு, பெட்டிப் பலகையில் அழுந்திக் கிடந்து தட்டையாகியிருந்தது.

“இன்னாய்யா இது? எங்க புட்ச்சே?”

“கடல்லதான். ஜல்தியா வித்துட்டு வாயேன்.”

விடுவாளா அவள்? இரண்டு வேளை அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் வேளை, யாரிடமும் சொல்வதில்லை என்று மாதா படத்தைத் தொட்டுச் செய்த சத்தியத்தையும் மீறி அவன் சொல்லிவிட்டான். அது எண்பத்தெட்டாம் வருஷம். அக்கரையில், இலங்கையில், சண்டை நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு சார், அவன் ஓட்டும் லாஞ்சை வாடகைக்கு எடுத்திருந்தார். காதில் ஹெட்போன் மாட்டிய இரண்டு பேர் கேபினுக்குள் உட்கார்ந்து, எந்தப் படகு போகிறது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

“வலையே போடறதில்ல மேரி. இஞ்சினை நிறுத்திட்டா தண்ணி பால் மாதிரி கெடக்கும். நாலு நாளும் சும்மா மிதந்துக்கினு இருப்போம். கண்ணைத் தொறந்துக்கினே கனா காணுவேன். நீ கூடையோட தண்ணிமேல நடந்து வருவே.”

மீன்? அது ஐஸ் பெட்டியில் ரயிலேறி விழுப்புரம் ஜங்ஷனுக்கு வருமாம். கிளம்புவதற்கு முதல் நாள் சாரே போய் எடுப்பாராம். யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க, கிளம்பும்போதே லாஞ்சில் ஏற்றிவிடுவார்களாம்.

“இந்தத் தபா அந்தக் கரைப் படகு ஒண்ணு கிட்ட வந்துது. கொழம்புக்கு மீன் கேட்டாங்க. ரெண்டு கை அள்ளிக் குடுத்தேன். பாத்தாங்க. சிரிச்சிக்கினே போய்ட்டாங்க.”

லூர்து மேரி கூடையை எட்டித் தள்ளினாள். “அடப்பாவி மனுசா! கடல்காரன் கண்ணுக்கு இது தெரியாதா? மறுபடி வந்தா உன்ன உசிரோட உடுவாங்களா?”

“வர்லன்னு சாராண்ட சொல்ல முடியாது மேரி. வெள்ளிக்கிழம கெளம்பணும்.”

வியாழன் காலை, விற்காத மத்தியோடு விழுப்புரம் பஸ் ஏறினாள். தூங்காத கண்ணில் எல்லாமே மிதந்தன. வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகள் பச்சைத் தண்ணீராக அசைந்தன. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வாசனை பஸ்ஸை நிறைத்தபோது, வயலுக்கு நடுவே லாஞ்சு ஒன்று ஓசையில்லாமல் கூடவே வந்தது. அதில் வலை காய்ந்து தொங்கியது. ஓட்டுகிற இடத்தில் ஆளே இல்லை. அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். கண்டக்டர் சில்லறை கேட்க வந்தவர், கேட்காமலே திரும்பிப் போனார்.

ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வாசலில் சாரைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. மீன் பெட்டிக்குக் காத்திருக்கிறவன் எவனாவது கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பானா? அவர் நின்றார். கூடையை அவர் காலடியில் கவிழ்த்தாள்.

“மீன்னா மீன்தானேம்மா?” என்றார் அவர், சுற்றுமுற்றும் பார்த்தபடி.

“உங்களுக்கு சார். கடல்ல பொறந்தவனுக்கு இல்ல. எங்க வூட்டுக்காரரை இந்த மத்தியே காட்டிக் குடுத்துடும். வலைய நனைய உடுங்க. இல்லன்னா மார்க்கெட்ல நின்னு எல்லாத்தையும் கூவிடுவேன், ஆமா!”

அவர் முகம் வெளுத்தது. அன்றைக்கு வந்த ஐஸ் பெட்டியை யாரும் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சின்னப்பராஜ் வந்தான். கூடையில் காரப்பொடி மீன், சங்கரா, இரண்டு நண்டு. எல்லாம் நம் கடல் சரக்கு. செவுளைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல சிவப்பு. அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அவன் முகத்தில்தான் சிரிப்பில்லை.

“அந்தப் படகு வந்துதா?”

“வந்துது. மீன் கேட்டாங்க, குடுத்தேன். தாடிக்காரன் ஒருத்தன் உன்ன மாதிரியே செவுளைத் தூக்கிப் பாத்தான். ‘போன முறை தந்தது பெட்டி மீன், அண்ணை. இதுதான் கடல் மீன். வீட்டில அக்காவோ சொன்னவ?’ன்னான்.”

“நீ இன்னா சொன்னே?”

“தலையாட்டினேன். ‘அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்கோ’ன்னுட்டுப் போய்ட்டான்.”

“கேபின்ல இருந்தவங்க?”

“எந்தப் படகுன்னு கேட்டாங்க. மீன்புடிப் படகுன்னேன். எழுதிக்கல.”

“மீன்புடிப் படகா அது?”

“அவங்க வலையும் காஞ்சிதான் கெடந்துது மேரி.”

அன்றைக்கு அவள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மூன்று தட்டு வைத்துச் சோறு போட்டாள். “அக்கான்னு கேட்டானே, அவனுக்கு,” என்றாள்.