மண்டபத்து வாசலில் கழற்றிய ஷூ

1

இந்தக் கதை ஒரு ஜோடி ஷூவிலிருந்து வந்தது. அந்த ஷூ இப்போது பரளச்சியில் என் வீட்டு உத்தரத்தில் லேஸால் கட்டித் தொங்குகிறது. உள்ளே விதைக்கு எடுத்துவைத்த கொத்தமல்லி. எலிக்குப் பயந்து அங்கே வைத்திருக்கிறேன்.

நான் வேலிக்கருவை வெட்டி, மண்ணால் மூடி எரித்து மூட்டம் போட்டு, கரி லோடு ஏற்றுகிறவன். மழையை நம்பிய ஒரு துண்டு மானாவாரி நிலமும் உண்டு. தலை நரைக்கத் தொடங்கியபோதுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதனால் என் வாக்கியங்கள் சில இடத்தில் நின்று மூச்சு வாங்கும். நீங்களும் நின்று வாருங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘இங்கிலாந்தில் பழமையான சந்தை ஊர் ஒன்று உண்டு. அதன் மாதா கோயில் கோபுரம் வானத்தை’

(அடித்துவிட்டேன். கோபுரம் வானத்தை என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஊர்ப்பெயரும் எழுத்தில் பிடிபடவில்லை. சந்தை ஊர் என்றே இருக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: ‘என் மகள் ஜெகதீஸ்வரி அந்த நாட்டில் நர்ஸு. அவள் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, அப்பன் ஒண்டியாகக் கிடக்கிறானே என்று என்னைச் சுற்றிப்பார்க்க வரவழைத்தாள்.’

உண்மைதான். ஆனால் இதில் என் பயம் வரவில்லை. அவள் என்னை அங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். மாட்டேன் என்றால் பிள்ளை முகம் வாடிவிடும். சரி என்றால் நான்

(இதை இப்படியே விடுகிறேன்.)

3

அன்றைக்குச் சந்தை நாள். பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

“யப்பா, இங்க பாருங்க. எண்ணூறு வருசமா இதே எடத்துலதான் சந்தை கூடுதாம்.”

“ஆட்டையெல்லாம் எங்க கட்டியிருக்காக தாயி?”

“ஆட்டுத் தெருன்னு பேரு மட்டுந்தான் இருக்கு. இப்ப சோப்பும் பூச்செடியும்தான் விக்கிறாக.”

“அப்ப தரகுக்காரன் எப்பிடிப் பொழைப்பான்?”

சிரித்தாள். பிறகு கேட்டாள்: “ஊரு பிடிச்சிருக்காப்பா?”

“நல்லாத்தான் இருக்கு.”

பாலத்தருகில் மறுபடி கேட்டாள். கல் பாவிய தெருவில் இன்னொரு தடவை கேட்டாள். நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷம் போல என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை இப்போது எடுத்துவிட்டேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

சந்தைக்கு நடுவில் ஒரு மண்டபம். நாலு பக்கமும் திறப்பு, கல்தூண், கல்படி. அந்தக் காலத்தில் வெண்ணெய் விற்கிறவர்கள் உட்கார்ந்த இடமாம். ஜெகதீஸ்வரி காப்பி வாங்கப் போனாள். இத்தனை தூண் நிற்கிற இடத்துக்குள் செருப்புக் காலோடு போக எனக்கு மனசு வரவில்லை. வந்த புதிதில் அவள் வாங்கித் தந்த ஷூவைக் கழற்றி, திருச்சுழிக் கோயிலில் விடுவதுபோல் படி ஓரத்தில் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன். ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். கல் குளுகுளு என்று இருந்தது. கண் சொக்கிவிட்டது.

விழித்துப் பார்த்தால் ஷூ இல்லை.

4

[இங்கே ஒரு திருடனை வைத்து எழுதிப் பார்த்தேன். அவனுக்குத் தொப்பிகூட மாட்டினேன். ஆனால் என் காலுக்கு ஏற்ப அகன்றுபோன ஷூவை வைத்து அவன் என்ன செய்வான்? அவனை அனுப்பிவிட்டேன்.]

நடந்தது வேறு. பக்கத்தில் ஒரு தர்மக் கடை. வேண்டாத சாமானை ஊரார் அங்கே கொடுப்பார்கள். கடைக்காரம்மா துடைத்து விற்று, வருவதை ஏழைகளுக்கு அனுப்புவார். படியில் யாரோ தர்மத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அந்தம்மா நினைத்துவிட்டார். ஜெகதீஸ்வரி காப்பியோடு வந்ததும் நாங்கள் தேடிப்போனபோது என் ஷூ கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

ஜெகதீஸ்வரி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

“ஒரு காப்பி வாங்கிட்டு வாரதுக்குள்ள இப்பிடின்னா, நான் டூட்டிக்குப் போயிட்டா நீங்க என்னப்பா செய்வீங்க? இருக்கது ஒத்த ரூமு. இங்கயே இருந்துக்கிறேன்னு கேட்டுருவீகளோன்னு வந்த நாள்லருந்து பயந்துக்கிட்டே இருக்கேன். பெத்தவுகள வேணாம்னு எந்த வாயால சொல்ல?”

நான் காலுறையோடு நின்றேன்.

“ஏ தாயி, நீ இருக்கச் சொல்லிருவியோன்னு நானும்ல பயந்து கெடந்தேன்.”

“பெறகு என்னத்துக்கு நல்லாருக்கு நல்லாருக்குன்னீக? நீங்க சொல்லச் சொல்ல, இங்கயே தங்கிருவீகன்னுல நெனச்சேன்.”

“நீதான கேட்டுக்கிட்டே வந்த? மூஞ்சிக்கு நேரா வேற என்னத்தச் சொல்ல?”

மூட்டம் பிரிக்கிற அன்றைக்கு, முதல் கரியைத் தட்டிப் பார்த்து, சாம்பலாகாமல் வெந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு மூச்சு விடுவோம். அந்த மூச்சை விட்டேன். அவளும் விட்டாள். கடைக்காரம்மா சீட்டைக் கிழித்து ஷூவைக் கையில் கொடுத்தார். என்னிடம் ஏதோ சொன்னார். நானும் தமிழில் ஏதோ சொன்னேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

5

இதுவரை எழுதியதைச் சங்கையாவிடம் படித்துக் காட்டினேன். என்னோடு மூட்டம் போடுகிறவன்.

“ஏலே, மக அப்பன வேணாம்னாள்னா எழுதுவ? ஊருல என்ன பேசுவாக? அவ காலப் பிடிச்சுக் கெஞ்சுனான்னும், நீதான் உதறிட்டு வந்தன்னும் மாத்து.”

ஜெகதீஸ்வரியிடம் போனில் படித்தேன். “நான் எங்க அழுதேன்ப்பா? சிரிச்சதுல வந்த தண்ணி அது. வருசா வருசம் வாரேன்னு நீங்க சொன்னதா முடிங்க.”

இரண்டு முடிவும் நல்ல முடிவுதான். இரண்டையும் எழுதிப் பார்த்து விட்டுவிட்டேன். போனை வைக்கும் முன் அவள் கேட்டதோடு நிறுத்துகிறேன்.

“அடுத்த வருசம் வாரீகளாப்பா?”

“வந்தா நல்லாத்தான் இருக்கும்.”



“யப்பா, நெசத்தச் சொல்லுங்க.”

சொன்னேன். என்ன சொன்னேன் என்பதற்கு இடம் விட்டிருக்கிறேன்:

“                                        ”

நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: மழை பெய்து, விதையை எடுத்துத் தூவிய பிறகுதான் அந்த ஷூ என் காலுக்குக் காலியாகும்.