தீ தாண்டாத சுவர்

கடைசிச் செங்கல்லைச் சங்காவ் உடனே வைக்கவில்லை. அது போய் உட்கார வேண்டிய ஓட்டை வழியாகத்தான் அடுத்த வீடு இன்னும் கொஞ்சம் தெரிந்தது. அங்கே ஜெங்கிங்கின் மனைவி சேனாங் குனிந்து காலி சிமெண்டுச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் கல்லைச் செருகி, கரண்டிப் பிடியால் தட்டி இறுக்கினான்.

"சுவர் கட்டியாச்சு. காதை எங்க கழட்டி வைக்கப்போற?" என்றாள் அவன் மனைவி லூலோங், பின்னால் நின்றபடி.

"எதுக்குக் கழட்டணும்?"

"ஜெங்கிங் இருமுனாகூட, 'என்ன திமிரா இருமுறான் பாரு'ன்னு சொல்றவனாச்சே நீ."

சங்காவ் கலவைத் தட்டைச் சுரண்டினான்.

சரவாக்கின் அந்த ஆற்றங்கரையில் ஊர் என்பதும் வீடு என்பதும் ஒன்றுதான். கரையோரமாக நீண்டு கிடக்கும் ஒரே கூரை. அதன் கீழே எல்லாக் குடும்பங்களும். வீட்டின் பின்பாதி அறைகளாகப் பிரிந்திருக்கும், குடும்பத்துக்கு ஒன்று. முன்பாதி ருவாய் என்னும் பொதுக்கூடம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடுப்பே இல்லாமல் ஓடும். தன் அறைக்கு எதிரே உள்ள துண்டுக்கு அந்தந்தக் குடும்பம்தான் தரை போட வேண்டும், கூரை வேய வேண்டும். ஆனால் அதில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், படுக்கலாம், வம்பு பேசலாம். அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் ஆறு ஓடும் திசையில், கீழ்பக்கம் இருக்கும் சுவரை மட்டுமே கட்டும். மறுபக்கத்துச் சுவர் முந்தின வீட்டுக்காரனுடையது. மேல்கோடியில் மிஞ்சும் ஒற்றைச் சுவரை எல்லோரும் சேர்ந்து எழுப்புவார்கள். ஆகவே அங்கே யாருக்கும் முழு வீடு கிடையாது. ஒருவன் கோபித்துக்கொண்டு தன் பங்கைப் பிரித்து எடுத்துப் போனால், அடுத்தவன் அறை ஒரு பக்கம் திறந்து கிடக்கும்.

ஒவ்வொரு சுவரிலும் ஒரு ஜன்னல் விடுவது வழக்கம். வெளியே பார்க்கும் ஜன்னல் அல்ல. ஒரு சட்டி நுழையும் அளவு, பக்கத்து அடுப்படிக்குத் திறப்பது. உப்பு, மிளகாய், இலையில் மடித்த சோறு, கைவலிக்குத் தைலம் எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். பழைய வீட்டில் லூலோங் பிரசவக் காய்ச்சலில் கிடந்த மாதம் முழுவதும், குழந்தை பசித்து அழும்போதெல்லாம் சங்காவ் அதை அந்த ஜன்னல் வழியாக நீட்டுவான். சேனாங் வாங்கித் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்துத் திருப்பித் தருவாள். ருவாயைச் சுற்றிப் போனால் ஈரக்காற்று படும் என்பதால் அப்படி.

அந்தப் பழைய மரவீடு சென்ற வறட்சியில் எரிந்தது. எல்லோரும் வயலில் இருந்ததால் உயிருக்குச் சேதமில்லை. புதிய வீட்டைச் செங்கல்லில் கட்டுவது என்று முடிவானபோது, நகரத்திலிருந்து வந்த பொறியாளர் ஆளுக்கு இரண்டு தனிச் சுவர் போட்டு வரைந்து கொண்டுவந்தார். நல்ல வரைபடம்தான், சத்தம்கூடக் கேட்காது என்றார். ஊர்த் தலைவர் உந்தாய் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது அழகா இருக்கு தம்பி, ஆனா இதுல பல வீடு இருக்கே. எங்களுக்கு ஒண்ணுதான் வேணும்" என்று திருப்பிக் கொடுத்தார். சுவர் ஒற்றையாயிற்று. வரிசையும் மாறவில்லை. சங்காவுக்கு அடுத்த கதவு ஜெங்கிங்குடையதே.

அவர்கள் பேசாமல் போய் மூன்று வருடமாகியிருந்தது. சங்காவின் அப்பா நட்ட டுரியான் மரம் ஜெங்கிங்கின் மிளகுத் தோட்டத்தின் மேல் சாய்ந்து நின்றது. சங்காவ் வெளியூர் போயிருந்த நேரத்தில் ஒரு புயல் கிளம்ப, ஜெங்கிங் மரத்தை அறுத்துவிட்டான். விழுந்திருந்தால் கொடியெல்லாம் போயிருக்கும் என்பது உண்மை. கேட்டிருக்கலாம் என்பதும் உண்மை. அதையும் சங்காவிடமே இரவல் வாங்கிய ரம்பத்தால் அறுத்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஜன்னல் இல்லாமல் சுவரை மூடப்போவதாக அவன் ருவாயில் அறிவித்தபோது டுரியான் பேச்சை எடுக்கவில்லை. "பழைய வீடு ஏன் அவ்வளவு சீக்கிரம் எரிஞ்சுது? ஓட்டை ஓட்டையா இருந்துது, நெருப்பு ஒவ்வொரு ஜன்னலா ஏறிக் குதிச்சு ஓடுச்சு. என் சுவரைத் தீ தாண்டாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றான். கேட்டவர்களுக்கு நியாயமாகவும் பட்டது. உந்தாய் தாடையைச் சொறிந்துகொண்டு, "உன் சுவர், உன் இஷ்டம்" என்றார். அடுத்தவன் சுவரைப் பற்றிப் பேசுவது அங்கே மரியாதை இல்லை.

குடிபுகும் நாளில் காலையிலிருந்தே ருவாயில் துவாக் என்னும் அரிசிக் கள் கோப்பைகளில் சுற்றியது. வீட்டின் நடுக்கதவு உந்தாயுடையது. முதல் அடுப்பை அவர் மனைவி மூட்டினாள். பிறகு கங்குகளை ஒரு மண்சட்டியில் அள்ளி மேல்பக்கம் ஒன்றும் கீழ்பக்கம் ஒன்றுமாக அனுப்பினார்கள். அந்த வீட்டு வழக்கப்படி புதுத்தீ ருவாய் வழியாக நடக்காது. ஜன்னல் ஜன்னலாகக் கைமாறித்தான் கோடிவரை போகும். சமைப்பதற்கு எல்லோரிடமும் எரிவாயு அடுப்பு இருந்தது, அது வேறு.

மேல்பக்கத்து ஜன்னலில் சட்டி வந்தது. சங்காவ் வாங்கித் தன் அடுப்பில் இரண்டு கங்கு போட்டான். லூலோங் ஊதினாள், பற்றிக்கொண்டது. மிச்சத்தைக் கொடுக்கச் சட்டியோடு கீழ்பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றான். எதிரே வெள்ளையடித்த சுவர்.

இதற்கு முன்னால் தீ இப்படிக் கைமாறியபோது அவன் முதுகுத் தொட்டிலில் இருந்த பிள்ளை. லூலோங் வேறோர் ஆற்றங்கரையிலிருந்து வந்தவள், இந்த வழக்கம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம், கடைசியில் எப்படியும் ஓர் ஓட்டை போடுவான் என்று இருந்துவிட்டார்கள். இப்போது அவனுக்குக் கீழே உள்ள அடுப்புகள் எல்லாம் விறகு அடுக்கிக் காத்திருந்தன. ருவாயில் பேச்சு மெல்ல அடங்கியது.

"வாசல் வழியா எடுத்துட்டுப் போயிடேன்" என்றாள் லூலோங் தாழ்ந்த குரலில்.

சுவருக்கு அப்பாலிருந்து ஜெங்கிங்கின் குரல் கேட்டது. யாரிடமோ சொல்வதுபோல், ஆனால் நன்றாகக் கேட்கும்படி: "தீ வாசல்ல வந்தா விருந்தாளி. ஒரு வாய் குடிச்சிட்டுப் போயிடும். அடுப்புல தங்காது."

யாரோ சிரித்தார்கள். உந்தாய் சிரிக்கவில்லை, அவர் வாசலில் வந்து நின்று சுவரைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். தீ தாண்டாது என்று தான் சொன்னது சங்காவின் காதில் திரும்ப ஒலித்தது. சரியாகத்தான் கட்டியிருக்கிறான். கங்குகளின் மேல் சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. அவை அவிந்தால், கீழ்வரிசைக்குப் போக வேண்டிய தீ அவன் அறையில் செத்தது என்றுதான் ஊர் சொல்லும், அவன் பேரன் காலம் வரைக்கும்.

"சுத்தியல் எங்க?" என்றான்.

"அந்தப் பக்கம். ரம்பத்தோட போனது. நீதான் திரும்ப வாங்க மாட்டேன்னுட்டியே."

சட்டியின் சூடு துணியைத் தாண்டி உள்ளங்கையைச் சுட்டது. அவன் அதை லூலோங்கிடம் கொடுத்துவிட்டுச் சுவரருகே போய் நின்றான். மறுபக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சுத்தியல் கையிலதான் இருக்கு" என்றது ஜெங்கிங்கின் குரல். இப்போது மிக அருகில். "ஆனா கேக்காம அறுத்துப் பட்டது போதும். சுவர் உன்னோடது. நீ சொல்லாம ஒரு கல்லைத் தொட மாட்டேன்."

சங்காவ் சுவரின் மேல் உள்ளங்கையை வைத்தான். சுண்ணாம்பு இன்னும் ஈரம் காயாமல் குளிர்ச்சியாக இருந்தது, சுட்ட கைக்கு இதமாக. கடைசிக் கல் வைத்த இடம் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கை தேடிப் போய் நின்றது. விரல் மடக்கி அங்கே தட்டினான்.

மறுபக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தது, ஒரு முழம் மேலே.

"அங்க இல்ல" என்றான் சங்காவ். "கீழ. இன்னும் கீழ. லூலோங்குக்குக் கை எட்டணும்."

முதல் அடி விழுந்தது. வெள்ளைச் சுவரில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடி, அவன் கட்டைவிரலருகே நின்றது. லூலோங் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சாம்பலை ஊதிக்கொண்டேயிருந்தாள்.