கேள்வி வளையி

…விலையா, நிலையா, இடது ஓரத்தில் முதல் எழுத்தே விழவில்லை, யாரோ எழுதிய பொருளியல் குறிப்பைப் போட்டோக்கொப்பி எடுத்து, அதிலிருந்து இன்னொன்று எடுத்து, கடைசியில் சாம்பல் பூசிய தாளாகத்தான் கைக்கு வந்திருக்கிறது, கண் தெரிகிற பாலேஸ்வரிக்கே இந்தக் கதி, சின்ன வயதிலேயே பார்வை போன பஞ்சலிங்கம் என்ன செய்வான், எதிரே பாயில் இருந்து பழைய கலண்டர் மட்டையில் பிரெயில் ஊசியால் குத்திக்கொண்டு அடுத்த சொல்லுக்குத் தலையைச் சாய்த்திருக்கிறான்… விலைதான், விலை என்றே வாசித்தாள். தொண்டை வறண்டது. விடியவே வாழைக்குத் தண்ணீர் கட்டிய அசதி முதுகில் அப்படியே கிடக்கிறது. கசெற்றில் ஒருமுறை வாசித்துக் கொடுத்திருந்தால் போதும், ஆனால் பற்றறிக்கு எங்கே போவது, சண்டை தொடங்கியதிலிருந்து அது ஊருக்குள் வரவே தடையாயிற்றே… பக்கத்து வீட்டுப் பிள்ளை, பல்கலைக்கழகம் போக எடுக்கிற ஏ.எல். சோதினை, வாசிச்சு விடுங்கோ அக்கா என்று கேட்டபோது ஓம் என்றாள், இவ்வளவு நீளும் என்று யார் கண்டது?

அடுத்த பக்கத்தில் படம், இரண்டு கோடுகள், இதை எப்படி வாசிப்பது, தாண்டிவிட்டால் அவனுக்குத் தெரியவா போகிறது…

“ஏன் அக்கா நிப்பாட்டிட்டியள்?”

“படம் தம்பி. கேள்வி வளையியும் நிரம்பல் வளையியும்.”

“விடுங்கோ. எல்லாரும் படத்தை விட்டிட்டுத்தான் வாசிக்கிறவை.”

எல்லாரும் என்றால் யார் யார், அவள் கொஞ்சம் முன் நினைத்ததையே எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்… எழும்பினாள், முழங்கால் வலித்தது, தையல் நூலும் பானையில் ஒட்டியிருந்த சோறும் கொண்டுவந்து மசித்துப் பூசி, கோடுகளின் மேலேயே நூலை ஒட்டினாள், வாங்குகிறவர்களின் கேள்வி இறங்கிப் போனது, விற்கிறவர்களின் நிரம்பல் ஏறி வந்தது. சற்றுக் காயவிட்டு அவன் விரலைப் பிடித்து வைத்தாள். விரல் மெல்ல ஊர்ந்து, நின்று, திரும்பிப் போய் மறுபடி வந்தது.

“இதிலை ரெண்டும் சந்திக்குது.”

“அதுதான் சமநிலை” என்றாள், சொன்ன பிறகுதான் தனக்கும் அது விளங்கியிருப்பது தெரிந்தது, பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு.

“பாடமாக்கி வைச்சிருந்தனான் அக்கா. இப்பத்தான் பிடிபடுது.” விரலை அவன் எடுக்கவில்லை. “சோதினை முடிஞ்சா உங்களுக்கும் கரைச்சல் இல்லை. கம்பசுக்கு எடுபட்டா அங்கை பெடியள் வாசிச்சுத் தருவினமாம்.”

நல்லதுதானே, பின்னேரத்தில் கொஞ்சம் படுக்கலாம், புருசன் தோட்டத்தால் வர முதல் உலை வைக்கலாம், இதைத்தானே இவ்வளவு நாளும் நினைத்தாள், பிறகேன் நெஞ்சுக்குள் ஏதோ இறங்குகிறது…

“இன்னும் எவ்வளவு கிடக்குது அக்கா?”

கட்டைவிரலால் தாள்களைத் தடவிப் பார்த்தாள். சின்னக் கற்றைதான்.

“கனக்கக் கிடக்குது தம்பி” என்றாள், ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியாமல்.