புதைத்த டொமாஹாக்கும் மூன்றாம் வளைவும்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பமங்கி ஆற்றின் மேல் ஆணை. வர்ஜீனியாவில் எங்கள் பழங்குடிச் சனத்துக்கு அதைவிடப் பெரிய ஆணை கிடையாது.

கதை பிறந்தது ஒரு சொல்லிலிருந்து. டொமாஹாக், அதாவது கைக்கோடரி. எங்கள் முன்னோர் பேச்சில் 'வெட்ட உதவுவது' என்று மட்டுமே அதற்குப் பொருள். விறகையா, மண்டையையா என்று சொல்லாது. வெள்ளைக்காரர்கள் சொல்லை எழுதிக்கொண்டு போனார்கள்; மண்டையை அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று பனி கொட்டிக்கொண்டி— [வேண்டாம்.]

லெமுவேல் எழுபத்தெட்டு வயதிலும் அழகன், நியாயஸ்தன்— [இது இருக்கட்டும்.]

2

லெமுவேலுக்கும் அவன் மச்சான் தாடியஸுக்கும் ஆறு வருஷச் சண்டை: ஆற்றின் மூன்றாம் வளைவில் யார் வலை போடுவது? வளைவு லெமுவேலுடையது, அதில் ஐயமே இல்லை. போன வசந்தத்தில் இருவரும் மீன்முட்டை வறுவலை ஒரே தட்டில் தின்றுவிட்டு, டொமாஹாக்கை மண்ணில் புதைத்துச் சமாதானமானார்கள். தோண்டி எடுத்தால் போர். எங்கள் ஆட்கள் இதில் விளையாடுவதில்லை.

புதைத்தது இரண்டு வீட்டுக்கும் இருந்த ஒரே கோடரி என்பது குளிர் வந்த பிறகுதான் உறைத்தது.

[ஊரில் வேறு கோடரி இல்லையா என்பீர்கள். உண்டு. பாதையைப் பனி மூடிவிட்டது. கதைக்காக நான்தான் மூடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

3

நேற்றுப் புயலில் ஓக் மரம் ஒன்று லெமுவேலின் வாசற்கதவில் சாய்ந்தது. உள்ளே அடுப்புக்கு நாலே கட்டை விறகு. தாடியஸ் வந்து கிளைகளுக்கு நடுவே வாயை வைத்துக் கத்தினான்.

"மச்சான், தோண்டி எடுத்துட்டு வரட்டுமா?"

"எடுத்தா சண்டைடா. யார்கூட?"

"உன்கூடத்தான். இங்க வேற யாரு இருக்கா?"

"எதிரிக்கு நான் எதுக்குக் கதவத் திறக்கணும்?"

"நீ திறக்க வேணாம். வெட்டிக்கிட்டு நானே வர்றேன்."

"அதான் பயமா இருக்கு."

மரத்தின் மேல் போர் தொடுப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்றான் தாடியஸ். மரம் நம்மோடு வறுவல் தின்று சமாதானம் ஆகவில்லையே, முறிக்க என்ன இருக்கிறது என்றான் லெமுவேல். கடைசியில் தாடியஸ் மெதுவாகச் சொன்னான்: "வளைவு என்னுதுன்னு ஒத்துக்கோ. அப்புறம் சண்ட போட என்ன இருக்கு? கோடரி வெறும் கோடரி."

[தாடியஸ் மேல் எனக்கு ஐயம். இவ்வளவு புத்தி அவனுக்கு ஏது?]

4

முடிவு ஒன்று: லெமுவேல் நாற்காலிகளை எரித்து, வசந்தம்வரை கௌரவமாக உட்கார்ந்திருக்கிறான்.

முடிவு இரண்டு: தாடியஸ் போர் அறிவித்து, வெட்டி, காப்பாற்றி, அதன்பின் முறைப்படி லெமுவேலை—

[விரல் விறைக்கிறது. இரண்டாவது நாற்காலியும் தீர்ந்தது.]

முடிவை நான் எழுதப்போவதில்லை. தாளைக் கதவிடுக்கில் வெளியே தள்ளுகிறேன். எடுத்துப் படிப்பவர் எழுதிக்கொள்ளட்டும். காலையிலிருந்து அங்கே நிற்கும் வாசகன் ஒருவன்தான். அவன் இருமல் எனக்குக் கேட்கிறது.

மச்சான், மூன்றாம் வளைவு உன்னுடையதுதான்.