ஜாதி நாய்

கேட்டி என்ற அமெரிக்க ஊரிலிருந்து முக்கால் மணி நேரம் மேற்கே போனால் சேனாபதியின் பண்ணை. வாரநாளில் கம்ப்யூட்டரைக் கட்டி அழுதுவிட்டு, சனி ஞாயிறில் ஆடு மேய்ப்பவர் அவர். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் பதினோரு குட்டிகளைக் கொயோட்டி தூக்கிப் போயிருந்தது. நரியைவிடப் பெரிய, ஓநாயைவிடச் சிறிய அந்தப் பிராணி துப்பாக்கி வாடை பட்டாலே கண்ணில் படாது. கடைசியில் நாய்களை வைத்து வேட்டையாடும் ரஸ்ஸலைக் கூப்பிட்டார் சேனாபதி.

செய்தி கேட்டதும் அவருடைய ஊர்க்காரர் நஞ்சுண்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரிடம் சிட்டு இருந்தது. கோவில்பட்டிப் பக்கமிருந்து விமானத்தில் வரவழைத்த சிப்பிப்பாறைப் பெட்டை. வெளிறிய பழுப்பு நிறம், முதுகோடு ஒட்டிய வயிறு. அதன் பரம்பரையை இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, நஞ்சுண்டன் தலையைக் கண்டாலே மளிகைக்கடையில் ஆட்கள் அடுத்த வரிசைக்கு நழுவினார்கள். அலுக்காமல் கேட்டது சிட்டு மட்டும்தான். அவர் சோபாவில் உட்கார்ந்தால் மடியில் தலையைப் போட்டுக்கொள்ளும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதுதான் பிள்ளை.

ரஸ்ஸலின் நாய்கள் மூன்று வகை. தொங்குகாது மோப்ப நாய்கள் புதருக்குள் புகுந்து கொயோட்டியைக் கிளப்பும். கிரேஹவுண்டுகள் வெட்டவெளியில் துரத்தி மறிக்கும். பின்னால் வரும் இரண்டு முரட்டுக் கடிநாய்கள் குரல்வளையைக் கவ்விக் கதையை முடிக்கும். சிட்டுவைக் கிரேஹவுண்டுகளோடு ஓடவிட ரஸ்ஸல் சம்மதித்தான். ஒரே நிபந்தனை: எல்லா நாய்களையும் ஒரு வாரம் முன்னதாகவே சேனாபதியின் கொட்டகையில் விட்டுப் போவான், சிட்டுவும் அவற்றோடு கிடக்க வேண்டும். வாடை பழகாத நாயை வேட்டை வெறியில் மற்றவை என்ன செய்யும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றான்.

நாய்கள் வந்து இறங்கிய அன்று நஞ்சுண்டன் கொட்டகையை எட்டிப் பார்த்தார். செத்த மாட்டின் விலாவை எல்லாமாகச் சேர்ந்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. கடிநாய்கள் எந்த இனமென்று ரஸ்ஸலுக்கே தெரியாது. நஞ்சுண்டன் சேனாபதியைத் தனியே இழுத்தார்.

"ஏனுங்க, ஜாதி நாயக் கொண்டாந்து இதுகளோட அடைக்கறதா? ஒரே எச்சலத் தின்னுட்டு, ஒண்ணாப் படுத்துட்டு... இதோட ப்ளட்லைனே வேறங்க."

"ஒரு வாரந்தானுங்களே. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்றார் சேனாபதி.

"வேண்டாங்க. அவன் கேட்டா இங்கதான் இருந்துச்சுன்னு சொல்லிருங்க."

ஒரே ஊர்க்காரர் கேட்கிறார், முகத்தில் அடித்த மாதிரி எப்படி மறுப்பது? சேனாபதி தலையாட்டிவிட்டார். சிட்டு அந்த வாரமும் நெய்ச்சோறு தின்று வீட்டு சோபாவில் தூங்கியது.

சனிக்கிழமை காலை புதருக்குள் மோப்ப நாய்கள் ஊளையிட்டன. கொயோட்டி வெளியே பாய்ந்ததும் ரஸ்ஸல் கையைக் காட்டினான். நான்கு கிரேஹவுண்டுகளும் சிட்டுவும் கிளம்பின. நூறு அடி தாண்டுவதற்குள் சிட்டு முன்னால் போய்விட்டது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" நஞ்சுண்டன் குதித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சிட்டு தனியாகப் போய் மோதியது. இரண்டும் புழுதியில் உருண்டன. முயலைத் துரத்திப் பிடிக்கும் வம்சம் அது. திருப்பிக் கடிக்கும் இரை அதற்குப் பழக்கமில்லை. கொயோட்டி அதன் பின்னங்காலைக் கிழித்துவிட்டு, காதிலிருந்து ரத்தம் ஒழுக ஓடைக்குள் இறங்கி மறைந்தது. கிரேஹவுண்டுகள் அதன் பின்னால் போயின. சிட்டு மூன்று காலில் எழுந்து நின்றது. மேலெல்லாம் கொயோட்டியின் ரத்தம். தூரத்தில் ஓடிவரும் நஞ்சுண்டனைக் கண்டு வாலை ஆட்டியது.

கடிநாய்கள் அவருக்கு முன்பே வந்து சேர்ந்தன. பழுப்பு நிறம், கொயோட்டி வாடை, முன்பின் அறியாத உடம்பு. ஒன்று கழுத்தைக் கவ்வியது, இன்னொன்று வயிற்றை. சிட்டு ஒரே ஒரு தடவை, சின்னக் குழந்தை மாதிரி கத்தியது. ரஸ்ஸல் கட்டையை வாயில் கொடுத்து நெம்பிப் பிரிப்பதற்குள் பிரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அவன் நிமிர்ந்து, இது நிஜமாகவே கொட்டகையில் இருந்ததா என்று கேட்டான். சேனாபதி நஞ்சுண்டனைப் பார்த்தார். நஞ்சுண்டன் தரையைப் பார்த்தார். ரஸ்ஸல் காறித் துப்பினான்.

பெரிய கடிநாய் உதட்டை நக்கிக்கொண்டே வந்து, நஞ்சுண்டனின் முழங்காலில் சாய்ந்து, வாலை ஆட்டியபடி நிமிர்ந்து பார்த்தது. அதைத் தட்டிக்கொடு என்றான் ரஸ்ஸல். வேலையைச் சரியாக முடித்த நாயைப் பக்கத்தில் நிற்பவன் தட்டிக்கொடுக்காவிட்டால், அடுத்த தடவை கழுத்தருகே போய்த் தயங்குமாம்.

நஞ்சுண்டனுக்குக் கை எழவில்லை. உதவிக்குச் சேனாபதியைப் பார்த்தார்.

"குடுத்துருங்க," என்றார் சேனாபதி, ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டே. "அந்தக் கொயோட்டி இன்னும் உள்ளதான் இருக்குது."

நஞ்சுண்டன் குனிந்து, சிட்டுவின் ரத்தம் ஈரம் காயாத அந்தத் தலையை இரண்டு தடவை தட்டினார். நாய் அவர் கையை ஆசையாக நக்கியது.