வியாழக்கிழமைத் தண்ணீர்

ஹனா முற்றத்துக் குழாயைத் திருகினாள். சாக்கடை நாற்றத்தோடுதான் வந்தது.

"இந்தத் தண்ணியிலயா மய்யித்தைக் குளிப்பாட்டுறது?" குளிப்பாட்ட வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்ற சையத் முஹ்சின் முகம் சுளித்தார். "நாறுற தண்ணி ஆகாதும்மா. வேற எங்கயாவது பாருங்க. வெயில் ஏறுது."

"கொஞ்சம் பொறுங்க. இன்னைக்கு நல்ல தண்ணி வரும்னு வாப்பா சொன்னாங்க."

பக்கத்து வீட்டு உம்மு ரஹீம் பெருமூச்சு விட்டாள். "ஒன்றரை வருஷமா அதையேதானேடி சொன்னாரு, பாவம் மனுஷன்."

ஈராக்கின் பாஸ்ரா நீரேற்று நிலையத்தில் ஹனாவின் வாப்பா ஜாசிபுக்கு இருபத்தாறு வருட வேலை. குளோரின் கலக்கும் பம்பில் ரப்பர் வாஷர் கிழிந்தது. புதியதைக் கேட்டு எழுதினார்கள். ஆயுதம் செய்ய உதவும் பொருள் என்று, நாட்டின் மேல் தடை போட்ட வெளிநாட்டுக் குழு ஒன்று எங்கோ நிறுத்தி வைத்தது. ஆயுத ஆய்வாளர்கள் இரண்டு முறை வந்து பம்பைப் படம் பிடித்துப் போனார்கள்.

"என் பம்பைப் பாத்து உலகமே நடுங்குது. நீ மட்டும்தான்டி மதிக்க மாட்டேங்கிற" என்று மனைவியைச் சீண்டுவார். உம்மு ரஹீமின் பேரன் வயிற்றுப்போக்கில் செத்த பிறகு சீண்டுவதை விட்டுவிட்டார்.

போன வாரம் நிவாரணக் கப்பலில் குளோரின் வந்தது, வாஷர் வரவில்லை. ஜாசிப் பழைய லாரி டியூபை வெட்டி வெட்டிப் பார்த்தார். ஒன்பது வீணாயின. பத்தாவது உட்கார்ந்தது.

"குழாயில கிடக்கிற பழசு வடியணும். நாளைக்கு வியாழக்கிழமை, திறந்து பாரு" என்று ஹனாவிடம் சொல்லிப் படுத்தவர், விடிந்தும் எழவில்லை.

ஹனா குழாயை மூடவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. மெல்ல வேறொரு நெடி கிளம்பியது. மூக்கைச் சுள்ளென்று குத்தியது.

"மூடுடி! விஷம் கலந்துட்டானுங்க!" உம்மு ரஹீம் முக்காட்டால் மூக்கைப் பொத்தினாள். சையத் இரண்டடி பின்வாங்கினார்.

உள்ளே தலைமாட்டில் இருந்த உம்மா எழுந்து வந்தாள். கையில் ஏந்தி முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"விஷமில்ல," என்றாள். "அவரு சட்டை வாசம்."

பிறகு தலையை நிமிர்த்தி, சாவு வீட்டில், கல்யாணக் குலவை இட்டாள்.

 சுவருக்கு அப்பாலிருந்து இன்னொரு குலவை பதில் சொன்னது. அடுத்து, தெருக்கோடியிலிருந்து ஒன்று. உம்மு ரஹீம் முக்காட்டை இறக்கிவிட்டு, அழுதுகொண்டே நாக்கைச் சுழற்றினாள்.

"குளிப்பாட்டுற தண்ணியில போட இலந்தை இலையைக் கொண்டாங்க," என்றார் சையத்.

டாக்சியின் கூரையில் ஜனாஸாப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது தெருவில் ஒரு குழாயும் மூடியிருக்கவில்லை. டயர்கள் நனைந்துகொண்டே போயின.